மாலுக்குப் பின்னாடி, ராம்ப் அடியில, மேல் பார்க்கிங்ல... நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

கடைசிபெஞ்ச்:
எல்லா மால்லயும் இருக்கும் அந்த இடம், லோடிங் பே தாண்டினா ஒரு கனமான கதவு, உள்ள எமர்ஜென்சி படிக்கட்டு. லிஃப்ட் வரவே இல்லன்னு கதவைத் தள்ளிட்டு உள்ள போயிட்டேன், படி பூரா கடையில வேலை பாக்குற பொண்ணுங்க. ஷூவைக் கழட்டி ஓரமா வெச்சிருக்காங்க, ஒருத்தங்க சுவத்துல சாஞ்சு காலை மேல் படியில தூக்கி வெச்சுட்டு கண்ணை மூடி இருக்காங்க. என்னைப் பார்த்ததும் மொத்தப் பேரும் டக்குனு எழுந்து நின்னுட்டாங்க. அதான் இன்னும் உறுத்துது. நான் சும்மா பொருள் வாங்க வந்தவன், அவங்க கண்ணுக்கு சூப்பர்வைசர் மாதிரி தெரிஞ்சிருக்கேன் போல. "உட்காருங்க, நான் கீழ போறேன் அவ்ளோதான்"னு சொல்லியும் ஒருத்தர் கூட உட்காரல. நான் கீழ்த் தளத்துக் கதவைச் சாத்தினப்புறம்தான் மேல பேச்சுச் சத்தமே திரும்ப வந்துச்சு. மால்ல அவ்ளோ சோஃபா கிடக்கு, யூனிஃபார்ம் போட்ட ஆள் அதுல உட்கார்ந்து யாராச்சும் பார்த்திருக்கீங்களா?

ரெண்டுசக்கரம்:
ப்ரோ நாங்களும் அந்த லிஸ்ட்தான். டெலிவரிக்கு வந்தா முன்வாசல் கிடையாது, சைடு கேட்ல நில்லுன்னுவாங்க. எங்க இடம் பார்க்கிங் ராம்ப் அடி. ராம்ப் ஏற ஆரம்பிக்கிற எடத்துல கீழ ஒரு சந்து வரும்ல, காரும் நிறுத்த முடியாது, ஆள் நிமிர்ந்தா தலை இடிக்கும், அதனால எவனும் கண்டுக்கல. அங்க பழைய அட்டை விரிச்சு, சுவத்துல இருக்குற பிளக்ல ஒரு எக்ஸ்டென்ஷன் மாட்டி எல்லார் போனும் சார்ஜ் ஏறும். செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தர், டெய்லி எங்களைத் துரத்துறதே அவருக்கு வேலை, குறுக்க சங்கிலி கூட போட்டுட்டார். ஒருநாள் பேய்மழை, பையெல்லாம் நனையுது, நாங்க சங்கிலிக்கு வெளிய நிக்கிறோம். மனுஷன் குடையோட வந்தார், ஒண்ணும் பேசல, சங்கிலியக் கழட்டிக் கையில சுத்திக்கிட்டார், "வண்டிய உள்ள ஏத்துங்க, எவனாச்சும் ஹார்ன் அடிச்சா தெரியும்"னாரு. மழை விட்டதும் மறுபடி மாட்டிட்டார். மறுநாள் அதே ஆள் அதே திட்டு!! இவரை நல்லவர்னு சொல்றதா வேற எதுனாச்சும் சொல்றதான்னு எனக்கு இன்னும் புரியல

பராமரிப்புப்பயல்:
மொதல் பதிவு போட்டவருக்கு. நான் மால் மெயின்டனன்ஸ்ல இருந்தவன். ஃபயர் டிரில் அன்னிக்கு அதே மாதிரி ஒரு படிக்கட்டுக் கதவுல செங்கல் சொருகி வெச்சிருந்தாங்க, எடுத்துப் போட்டேன், அஞ்சாவது நிமிஷம் திரும்பி வந்தா அதே செங்கல் அதே எடம். என் கதை அவ்ளோதான், ஆனா விஷயம் அது இல்ல. அந்தக் கதவு தானா சாத்திக்கிற மாதிரி வெச்சிருக்கிறது புகையைத் தடுக்க. நெருப்புல மாட்டுறவங்கள்ல நிறைய பேரை முதல்ல சாய்க்கிறது புகைதான், தீ அப்புறம்தான் வரும். பெரிய கட்டடங்கள்ல அந்தப் படிக்கட்டுக்குள்ள ஃபேன் வெச்சு காத்தை அழுத்தி விடுவாங்க, உள்ள அழுத்தம் ஜாஸ்தியா இருந்தா புகை நுழையாது, ஒரு கதவை செங்கல் வெச்சுத் திறந்தே போட்டா அந்த அழுத்தம் குறையும், அந்த வழியா புகை உள்ள வரலாம். அதுக்கு மேல படியில பை, அட்டைப்பெட்டி, ஷூ. இருட்டுல ஆயிரம் பேர் இறங்குறப்ப ஒருத்தர் ஷூவுல தடுக்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால யாரா இருந்தாலும் சரி: கதவுல எதையும் சொருகாதீங்க, படியோட திருப்பத்துல சாமான் வைக்காதீங்க, உட்கார்ந்தே ஆகணும்னா கைப்பிடி ஓரமா ஒரே பக்கம் உட்காருங்க, அலாரம் அடிச்சா இது டிரில்தான்னு நினைக்காம எழுந்திருங்க. ரெண்டுசக்கரம் தம்பி, அந்த எக்ஸ்டென்ஷன் மேட்டரும் டேஞ்சர், மழையில ராம்ப் அடியில தண்ணி நிக்கும்.

கடைசிபெஞ்ச்:
அண்ணே நான் செங்கல்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் கேட்டது அவங்க ஏன் அங்க வந்து உட்கார்றாங்கன்னு. கடைக்குள்ள ஒரு ஸ்டூல் போட்டா படிக்கட்டுக்கு எதுக்கு வரப் போறாங்க? உட்கார்றதுக்கே சட்டம் போட வேண்டியதாப் போச்சு, கேரளாவுல 2018-ல, தமிழ்நாட்டுல 2021-ல சட்டத்தைத் திருத்தி கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கணும்னு எழுதினாங்க. ஃபேன், அழுத்தம் எல்லாம் சரி, அந்த அறிவுரைய ஸ்டூல் போடாத முதலாளிக்குச் சொல்லுங்க.

பராமரிப்புப்பயல்:
முதலாளி படிக்கட்டுல உட்கார்ந்தா அவருக்கும் சொல்வேன் தம்பி

மாடிக்காத்து:
சண்டைய நிறுத்துங்கப்பா. எங்க அம்மா ஸ்கூட்டி கத்துக்கிட்டது மால் மேல் பார்க்கிங்லதான். வாரநாள் காலையில மேல் தளம் காலியாத்தான் கிடக்கும், ஒரு கார் இருக்காது, வெள்ளைக்கோடு மட்டும். ரோட்ல ஓட்டச் சொன்னா கை நடுங்கும் அவங்களுக்கு. அந்தப் பக்கம் ஸ்கேட்போர்டு பசங்க கூட்டம், கிழிஞ்ச ஜீன்ஸ், சத்தமா பாட்டு, அம்மா என் காதுல "வேணாம்டி போயிடலாம்"ங்கிறாங்க. அதுல ஒரு பையன் வந்தான், பாட்டை நிறுத்தினான், தன் ஹெல்மெட்டையும் மத்தவங்க பையையும் எடுத்துட்டுப் போய் வரிசையா தரையில வெச்சு, "ஆன்ட்டி இதுக்கு நடுவுல வளைச்சு வளைச்சு ஓட்டுங்க, பிரேக்கை ரெண்டு விரலால புடிங்க"ன்னான். அம்மா ஒரு ஹெல்மெட்டை ஏத்தி உருட்டி விட்டுட்டாங்க, மொத்தக் கூட்டமும் கைதட்டுது. அம்மா வண்டியை நிறுத்தாமலே சிரிச்சுக்கிட்டே அடுத்த ரவுண்டு போனாங்க பாருங்க, அந்தச் சிரிப்பை வீட்ல நான் பார்த்ததில்ல. அப்புறம் ஒரு நாள் போனா "ஸ்கேட்டிங் தடை"ன்னு போர்டு. ஸ்கூட்டின்னு போடல, ஆனாலும் நாங்க போகல.

கோணல்ஸ்கேல்:
ஆர்க்கிடெக்சர் படிச்சவன் பேசுறேன், நீளமா இருக்கும், வேணாம்னா தாண்டிடுங்க. மேல் தளம் ஏன் காலியா கிடக்குன்னா, பார்க்கிங்கை சாதாரண நாளுக்குக் கணக்குப் பண்றதில்ல, பண்டிகைக் கூட்டத்துக்குப் பண்றாங்க. மீதி நாளெல்லாம் அந்த காங்கிரீட் சும்மா கிடக்கும். பின்பக்கம் ஏன் வெறும் சுவரா இருக்குன்னா கடையெல்லாம் உள்ளே பார்த்து இருக்கு, ஊருக்கு முதுகு. இந்த டிசைனை ஆரம்பிச்சு வெச்சது விக்டர் க்ரூயன், வியன்னாக்காரர், அமெரிக்காவுல மின்னசோட்டாவுல 1956-ல திறந்த சவுத்டேல்தான் முழுசா மூடி ஏசி போட்ட அந்த மாதிரி முதல் பெரிய மால். இதுல கூத்து என்னன்னா அவர் பிளான்ல மாலைச் சுத்தி வீடு, ஸ்கூல், பூங்கா, ஏரி எல்லாம் இருந்துச்சு, கடைசியில சுத்தி வந்தது கார் நிறுத்துற தரைதான். பின்னாடி அவரே மால்களைத் திட்டினார். அப்ப இந்த ஸ்கூட்டி, அட்டை விரிப்பு எல்லாம் அவர் கேட்ட ஊர்தான், லேட்டா, யாரும் கூப்பிடாம வந்திருக்கு. நியூயார்க்ல வில்லியம் வைட்னு ஒருத்தர் 1970-கள்ல கேமரா வெச்சு திறந்தவெளிகளைப் படம் புடிச்சு உட்கார்ந்து பார்த்தார், ஜனங்க எங்க உட்கார்றாங்கன்னா உட்கார எடம் இருக்குற எடத்துல, இதுதான் அவர் கண்டுபிடிச்சது, சிரிக்காதீங்க, இதைச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டியிருந்துச்சு. திண்டு மாதிரி எதாவது இருந்தா ஜனம் வந்துடும், அதான் இப்ப திண்டுல எல்லாம் இரும்பு முள்ளு வைக்கிறாங்க. ஹாங்காங்ல சென்ட்ரல் பகுதி பாருங்க, ஞாயித்துக்கிழமையானா வீட்டு வேலை செய்ற பெண்கள் அட்டை விரிச்சு பேங்க் கட்டடத்தோட தரைத்தளம் பூரா உட்கார்ந்திருப்பாங்க, முடி வெட்டிக்குவாங்க, சீட்டாடுவாங்க, ஊருக்கு அனுப்ப பார்சல் கட்டுவாங்க. திங்கக்கிழமை தடமே இருக்காது. யார் இடம்னு கேட்டா என்ன பதில் சொல்வீங்க?

சொந்த அனுபவம் கேட்டீங்கல்ல, இல்ல, நான் மாலுக்கே போறதில்ல

ரெண்டுசக்கரம்:
😂 இவ்ளோ எழுதிட்டு போறதே இல்லையாம்

ரிடயர்டுநடை:
எங்க வீட்டுக்காரருக்கு பைபாஸ் முடிஞ்சதும் நடக்கச் சொன்னாங்க. ரோட்ல மேடு பள்ளம், வெயில், நாய். மால்ல கடை திறக்கிறதுக்கு முன்னாடி வராண்டாவைத் திறந்து விட்டுடுவாங்க, தரை வழுக்காது, பாத்ரூம் உண்டு. ஷட்டர் இறக்கின கடை ஓரமாவே ரவுண்டு ரவுண்டா நடப்போம், எங்களை மாதிரி வயசானவங்க ஒரு கூட்டமே உண்டு, யாரும் யாருக்கும் பேர் தெரியாது, கை மட்டும் காட்டிக்குவோம். அமெரிக்காவுல சிடிசின்னு நோய்த் தடுப்புக்கான அரசு அமைப்பு 2015-ல மால் வாக்கிங்குக்குன்னே வழிகாட்டியே போட்டிருக்காங்களாம், பையன் காட்டினான். ஒருநாள் இவர் பொம்மைக்கடை ஷட்டர் முன்னாடி நின்னுட்டார், மூச்சு வாங்குதோன்னு ஓடினேன், இல்ல, உள்ள பொம்மை ரயில் ஓடிட்டு இருக்கு, யாரோ ஆஃப் பண்ண மறந்துட்டாங்க, அதைப் பார்த்துட்டு நிக்கிறார். நடக்க வந்தவர் அன்னிக்கு நடக்கவே இல்ல.

பையன்களா, நீங்களும் இப்பவே நடங்க, பைபாஸ் வரைக்கும் காத்திருக்காதீங்க. கழுத்தை வளைச்சு போன் பார்த்துட்டே நடந்தா நடை ஆகாது.

நைட்லாக்இன்:
நான் சொல்றது சின்னது. மால் மூடினப்புறம் வெளிச்சுவர் ஓரமா வைஃபை கசியும், எந்த மூலையில எத்தனை கோடு வரும்னு எங்க செட்டுக்கே மனப்பாடம். டிரான்ஸ்ஃபார்மர் வேலி பக்கத்துல இருக்குற திண்டுதான் பெஸ்ட். ஒரு பொண்ணு, யாருன்னு தெரியாது, லேப்டாப்பை தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுட்டு நிக்கிறா, அப்லோட் பார் தொண்ணூத்தொன்பதுல நிக்குது, பன்னெண்டு மணி டெட்லைன். செக்யூரிட்டி டார்ச் அடிச்சுட்டு வந்தார், விரட்டப் போறார்னு பார்த்தா டார்ச்சை ஆஃப் பண்ணிட்டு "போச்சா?"ன்னு கேட்டார். "இன்னும் இல்லண்ணா"ன்னா. அவரும் நின்னு பார்த்தார், நாங்க அத்தனை பேரும் பார்த்தோம். போயிடுச்சு. என்ன பரிட்சை, என்ன அப்ளிகேஷன்னு கேக்க மறந்துட்டோம்.

பராமரிப்புப்பயல்:
டிரான்ஸ்ஃபார்மர் வேலியை ஒட்டி உட்காராதீங்க தம்பி. ஓபன் வைஃபைல பாஸ்வேர்டு, பேங்க் ஆப் எதுவும் போடாதீங்க. அப்புறம் கடைசி நிமிஷத்துல அப்லோட் பண்ற பழக்கத்தை

கடைசிபெஞ்ச்:
அண்ணே!!!