வீரர் எந்த ஊர்க்காரர்? அமெரிக்கா வந்த புதிதில் காலேஜ் ஃபுட்பாலைப் புரிந்துகொள்ள

டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ, பிளேனோ, ஆலன் பக்கமோ, ஹூஸ்டன் அருகே கேட்டியிலோ, அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா பக்கமோ குடிவந்திருக்கும் நம் மக்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கூல் ரேட்டிங், இன்ஷூரன்ஸ், கிரெடிட் ஸ்கோர் பற்றியெல்லாம் நிறைய பேர் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசி முதல் ஆபீஸிலும் தெருவிலும் எல்லோரும் பேசுகிற காலேஜ் ஃபுட்பாலைப் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. ஆட்ட விதிகள் பார்க்கப் பார்க்கப் புரிந்துவிடும். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே சொந்த ஊரையும் படித்த ஹைஸ்கூலையும் போட்டிருக்கும். அதைப் படியுங்கள். இந்த நாட்டை அறிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

அணி ஒரு மாநிலத்தில் இருக்கும், ஆட்கள் வேறு மாநிலத்திலிருந்து வருவார்கள். டெக்சஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா, ஜார்ஜியா என்ற நான்கு பெயர்கள் எந்தப் பட்டியலிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மக்கள்தொகை ஒரு காரணம், வருஷம் முழுக்க வெளியில் பயிற்சி எடுக்கத் தோதான வெயில் இன்னொன்று. ஆனால் பெரிய காரணம் பள்ளிக்கூடம்தான். டெக்சஸில் ஹைஸ்கூல் கோச் என்பவர் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியர். பயிற்சிக்குப் பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியட் உண்டு. ஆலன் ஹைஸ்கூல் ஸ்டேடியம் 2012இல் சுமார் 6 கோடி டாலர் செலவில் திறக்கப்பட்டது, 18,000 பேர் உட்காரலாம். அந்தப் பள்ளியில் ஆடிய கைலர் மர்ரி பிறகு ஓக்லஹோமாவுக்கு ஆடி 2018இல் சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். இப்படிப்பட்ட ஸ்டேடியங்கள் பாண்ட் (கடன் பத்திரம்) போட்டுக் கட்டப்படுபவை. உங்கள் ப்ராப்பர்ட்டி டாக்ஸில் பள்ளி மாவட்டத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு அந்தக் கடனை அடைக்கத்தான். ஆகவே அந்த ஸ்டேடியம் உங்களுடையதும்தான், தயங்காமல் போய் உட்காருங்கள்.

ஊர்க் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரே ஒரு பழைய ஆட்டம் போதும். 1984 ஜனவரி 2, மயாமியில் ஆரஞ்சு பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டம். ஒரு பக்கம் நெப்ராஸ்கா. இன்றைக்கே அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 20 லட்சம்தான். உள்ளூர்ப் பண்ணைப் பையன்கள் பலர் ஸ்காலர்ஷிப் இல்லாமலே அணியில் சேர்ந்து, வருஷக்கணக்கில் உடம்பைத் தேற்றி ஆட வந்தார்கள். ஆனால் வேகமும் பந்தைக் கையாளும் திறமையும் வெளியிலிருந்து வந்தன. பந்தோடு ஓடும் மைக் ரோசியர் நியூஜெர்சியின் கேம்டன்காரர், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டர்னர் கில் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்காரர். எதிர்ப்பக்கம் மயாமி பல்கலைக்கழகம். 1979இல் அங்கே கோச்சாக வந்த ஹோவர்ட் ஷ்னெல்லன்பெர்கர், தெற்கு ஃப்ளோரிடாவுக்குள்ளேயே ஒரு வேலி போட்டதுபோல அந்தப் பகுதிப் பையன்களை வெளியே விடாமல் சேர்க்கத் தொடங்கினார். தன் வீட்டுப் பக்கத்துத் திறமையை மற்றவர்கள் அள்ளிப்போவதை நிறுத்தியதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து. நெப்ராஸ்கா கடைசி நிமிடத்தில் டச்டவுன் போட்டு, ஆட்டத்தைச் சமன் செய்யும் ஒரு புள்ளிக்குப் பதில் ஜெயிக்க வைக்கும் இரண்டு புள்ளிக்கு முயன்று தவறவிட, மயாமி 31-30 என்று ஜெயித்தது.

தெற்கு ஃப்ளோரிடா என்றால் நகரம் மட்டும் இல்லை. ஒகீச்சோபி ஏரியின் கரையில் பெல் கிளேட், பஹோக்கி என்று இரண்டு சின்ன ஊர்கள் இருக்கின்றன. கரிய மண், சுற்றிலும் கரும்பு. வெட்டுக்கு முன் தோகையைக் கொளுத்தும்போது வெளியே ஓடிவரும் முயல்களை அந்த ஊர்ப் பிள்ளைகள் துரத்திப் பிடிப்பார்கள். தொழில்முறை ஆட்டம் வரை போனவர்கள் அங்கே அத்தனை பேர். வறுமை மிகுந்த ஊர்கள் அவை. அங்கே ஒரு ஸ்காலர்ஷிப் என்பது ஒரு குடும்பத்துக்கே வெளியேறும் வழி.

அன்று மயாமியின் குவார்ட்டர்பேக் பெர்னி கோசார் மட்டும் ஒஹாயோக்காரர், யங்ஸ்டவுன் பக்கம். அவருக்கு முன் ஆடிய ஜிம் கெல்லி மேற்குப் பென்சில்வேனியா. புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குகளான ஜோ நேமத், ஜோ மொன்டானா, டான் மரினோ எல்லோரும் அந்தச் சுற்றுவட்டாரம்தான், எஃகு ஆலைப் பிரதேசம். ஆலைகள் மூடி ஜனங்கள் தெற்கே நகர, கோச்சுகளும் தெற்கே பார்க்கத் தொடங்கினார்கள்.

அதற்கும் முன்பு வீரர்களின் ஓட்டம் எதிர்த்திசையில், தெற்கிலிருந்து வடக்கே இருந்தது. இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். 1960களின் நடுப்பகுதி வரை தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. டெக்சஸின் போமான்ட்டில் வளர்ந்த கறுப்பின வீரர் பப்பா ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. 1970இல் சதர்ன் கலிஃபோர்னியா அணி பர்மிங்ஹாமுக்கே வந்து அலபாமாவை 42-21 என்று வென்றது. அன்று 135 கெஜம் ஓடிய அந்த அணியின் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாமைப் பார்த்துத்தான் அலபாமா மனம் மாறியது என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். ஆனால் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரரை அலபாமா அதற்கு முன்பே ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சேர்த்திருந்தது. ஒரே மாலையில் நடந்த மாற்றமல்ல, வழக்குகளும் போராட்டங்களும் வருஷக்கணக்கில் கொண்டுவந்த மாற்றம்.

டல்லாஸ்காரர்கள் யூலஸ் நகரின் டிரினிட்டி ஹைஸ்கூல் ஆட்டம் ஒன்றுக்காவது போக வேண்டும். டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் வேலைக்கு வந்த, பசிபிக் கடலின் டோங்கா தீவு மக்கள் பக்கத்திலேயே குடியேறினார்கள். அவர்கள் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு ஆட, 2005, 2007, 2009 என்று மூன்று முறை மாநிலப் பட்டம் வந்தது. ஆட்டத்துக்கு முன் அணி முழுவதும் சேர்ந்து ஹாக்கா என்ற பசிபிக் தீவுப் போர் நடனம் ஆடும், டோங்கா வம்சத்தில் பிறக்காத பையன்களும் சேர்ந்துதான். நமக்கு மிக நெருக்கமான குடியேற்றக் கதை அது.

நம் பிள்ளைகள் மார்ச்சிங் பேண்டில் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவுகள் எப்படியும் ஸ்டேடியத்தில்தான். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், பல இடங்களில் வேறு எதையும் விடமாட்டார்கள்.

அப்புறம், பையன் தானே ஆட ஆசைப்பட்டால் சில விஷயங்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கமான NCAAவின் முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆட ஹைஸ்கூலில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 2.3 சராசரியும் (GPA) வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் சொல்லிவையுங்கள். மூன்றாம் பிரிவிலும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஐவி லீகில் குடும்ப வருமானத்தைப் பார்த்து வரும் உதவிதான், மூன்றாம் பிரிவில் படிப்பைப் பார்த்து வரும் உதவியும் உண்டு. பத்தாம் வகுப்பிலேயே ஒரு கோச் "ஆஃபர் இருக்கிறது" என்று சொன்னால் மகிழுங்கள், ஆனால் அது வாய்வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1க்குப் பிறகுதான் எழுத்தில் தர முடியும். காசு வாங்கிக்கொண்டு கல்லூரியில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். ஆட்ட வீடியோவை பள்ளிக் கோச்சே கல்லூரிகளுக்கு அனுப்புவார், அதற்கு அவரிடம் நேராகப் போய்க் கேட்டாலே போதும்.