புதுப்பிப்பு: என்ஜின் மாற்றிய லாரியின் ஐட்லிங் நடுக்கத்திற்குக் காரணம் கிடைத்தது

மறுசீரமைத்த ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினை லாரியில் பொருத்திய நாளிலிருந்து ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும்போது) வண்டி குலுங்குகிறது என்றும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும், பம்ப் டீசலை அனுப்பும் நேரமான பம்ப் டைமிங்கையும் சந்தேகிக்கிறேன் என்றும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டுமே காரணமல்ல.

முதலில், என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்திப் பார்த்தோம். தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் சரியாகப் போகாது; ஏற்கெனவே குறையுள்ள சிலிண்டர் என்றால் ஓட்டத்தில் மாற்றம் தெரியாது. இன்லைன் பம்ப் போன்ற பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் மட்டுமே இதைச் செய்யலாம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் என்ஜினில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும் என்பதால் அதில் ஒருபோதும் முயல வேண்டாம். எந்த நட்டைத் தளர்த்தினாலும் ஓட்டம் ஒரே அளவில் தளர்ந்ததால், குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் குறையில்லை என்பது உறுதியாயிற்று.

அதன்பின் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் குழாயில், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு துண்டை இணைத்தபோது, டீசலோடு சிறு குமிழிகள் இடைவிடாமல் ஓடி வந்தன. என்ஜினை மாற்றியபோது அந்தக் குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பாஞ்சோ போல்டின் பழைய செம்பு வாஷர்களையே மீண்டும் போட்டிருந்தார்கள். அந்த இணைப்பு பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால், ஓடும்போது டீசல் வெளியே கசிவதற்குப் பதிலாகக் காற்றே உள்ளே இழுக்கப்படுகிறது. கசிவைத் தேடிய எங்கள் கண்ணுக்கு அது படாமல் போனதும் அதனால்தான்.

புதிய வாஷர்கள் போட்டு, கை பம்பினால் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகு ஐட்லிங் சீராகிவிட்டது. எஞ்சியிருந்த மெல்லிய அதிர்வு, என்ஜினை வண்டியோடு பிணைக்கும் மவுண்டிங் போல்டுகளைத் தளர்த்தி, என்ஜின் தன் எடையில் அமர்ந்தபின் மீண்டும் முறுக்கியதும் நின்றது.