1275 மினிக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர்?

கேள்வி (நுவரெலியா): மினி 1275 சிசி, கேம்ஷாஃப்ட் மாற்றியாச்சு, ட்வின் எஸ்யூ கார்புரேட்டர். லூகாஸ் 45டி டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடுறது), பாயின்ட் செட்டோட. 4500 ஆர்பிஎம்முக்கு மேல் மிஸ்ஸாகுது. வெக்யூம் இல்லாத ரேஸ் டிஸ்ட்ரிபியூட்டர் போடலாமா அண்ணே?

பதில் (ஹட்டன்): ரோட்டில ஓடுற காருக்கு வேணாம் தம்பி. பாதி எக்சிலரேட்டரில் போகும்போது வெக்யூம் அட்வான்ஸ்தான் (இன்ஜின் உறிஞ்சலை வச்சு தீப்பொறியை முன்கூட்டியே அடிக்க வைக்கிறது) பெட்ரோலை மிச்சம் பிடிக்கும். முதல்ல ரோட்டரைக் கழற்றி, ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. ஆடினா புஷ் தேய்ஞ்சிருக்கு, பாயின்ட் இடைவெளி நிலையா நிக்காது. அதுல பாயின்டுக்குப் பதிலா எலெக்ட்ரானிக் மொடியூல் போட்டாலும் டைமிங் அலையும். ஆடலைன்னா மொடியூல் போதும். அதுக்குச் சொன்ன ஓம்ஸ்ல இக்னிஷன் காயில் போடுங்க. 3 ஓம்ஸ் கேட்கிறதுக்கு 1.5 போட்டா மொடியூல் கருகிடும்.

பதில் (பண்டாரவளை): டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே, வேகம் கூட அட்வான்ஸைக் கூட்டுற வெயிட்டுக்குக் கீழே தகட்டில் ஒரு இலக்கம் அடிச்சிருக்கும். 10ன்னா கிராங்க்ஷாஃப்ட் கணக்கில் 20 டிகிரி அட்வான்ஸ் கூடும். வெக்யூம் டியூபைக் கழற்றி அடைச்சு, 4000 ஆர்பிஎம்மில் டைமிங் லைட் பிடிச்சு மொத்த அட்வான்ஸ் 28–30 டிகிரி வைங்க. அப்போ ஐட்லில் 8–10 வரும். தகட்டில் 15ன்னா ஐட்லுக்கு மிச்சமே இருக்காது, அதை வாங்காதீங்க.

பதில் (ஹட்டன்): இன்னொன்று. நுவரெலியா உயரம் 1868 மீட்டரில் காற்று மெலிசு, கூட அட்வான்ஸ் வச்சாலும் நொக்கிங் (இன்ஜின் தட்டுற சத்தம்) கேட்காது. அதே செட்டிங்கோட கொழும்புக்கு இறங்கினா பிஸ்டன் போகும். கீழ்நாட்டுக்கே செட் பண்ணுங்க. பனிமூட்டத்தில் மிஸ்ஸானா டிஸ்ட்ரிபியூட்டர் கேப் உள்ளே பென்சில் கோடு மாதிரி கருப்புக் கீறல் தேடுங்க. இருந்தா துடைக்காதீங்க, மாத்துங்க.