"ரூம் ஸ்கொயரா இல்ல"ன்னா என்ன அர்த்தம்?

கேள்வி (வளவுவாசல்):
காரைக்குடிப் பக்கம் பழைய வீடு. 12 x 10 அடி அறைக்கு 8 அங்குல ஆத்தங்குடிக் கல் (தரை டைல்) போடணும். கொத்தனார் சொன்னது: "ரூம் ஸ்கொயரா இல்ல. கூலி ஸ்கொயருக்கு இவ்வளவு. நடுவுல 4 அடி ஸ்கொயர் பூக்கல்லு." 12-க்கு 10 எப்படி ஸ்கொயரா இருக்கும்? கூலி சதுர அடிக்கா? பூக்கல் 4 சதுர அடிதானா?

பதில் (மூலைமட்டம்):
மூணும் வேற வேற ஸ்கொயர்.

முதல்ல சொன்னது மூலை. 90 டிகிரி இல்லைங்கிறார். மூலையிலிருந்து ஒரு சுவர்ல 6 அடி, அடுத்த சுவர்ல 8 அடி குறிச்சு, குறிக்குக் குறி அளந்தா 10 அடி வரணும். அதோட அறையின் ரெண்டு குறுக்களவையும் (மூலைக்கு எதிர்மூலை) எடுங்க. 12 x 10-க்கு ரெண்டும் 15 அடி 7½ அங்குலம் இருக்கணும்.

கூலி ஸ்கொயர்ங்கிறது கட்டட வேலைக்காரங்க "சதுரம்"னு சொல்றது: 100 சதுர அடி. ஆனா சதுர அடியையே ஸ்கொயர்னு சொல்றவங்களும் உண்டு. "நூறு சதுர அடிக்கு எவ்வளவு?"ன்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

4 அடி ஸ்கொயர்னா பக்கத்துக்கு 4 அடி, ஆக 16 சதுர அடி, 36 கல். 4 சதுர அடின்னு நினைச்சு 9 கல் வாங்கிட்டா, நாலு கல் சேர்ந்து ஒரு பூவாகிற டிசைன் பாதியில அறுந்து நிக்கும்.

10 சதுர அடி 10. 10 அடி சதுரம் 100. 10 சதுரம் 1000. தகராறெல்லாம் இங்கதான்.

பதில் (பொட்டல்):
ஆங்கிலத்துலயும் கொத்தனார் அர்த்தம்தான் மூத்தது. பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்தப்போ ஸ்கொயர் என்பது மூலைமட்டக் கருவி, அதாவது செங்கோணம் பார்க்கிற L வடிவச் சட்டம். உருவத்துக்கு அப்புறம்தான் பேராச்சு. கிரிக்கெட் ஸ்கொயர் லெக்கும் அதே செங்கோணம்தான். நம்ம சதுரம் 'நாலு'ங்கிற வடசொல்லிலேர்ந்து வந்தது. கணக்குல வர்க்கம், ஊர் நடுவுல சதுக்கம், செஸ் பலகையில கட்டம்னு தமிழ் பிரிச்சு வச்சிருக்கு. ஸ்கொயர்னு ஒரே சொல்லாப் பேச ஆரம்பிச்சதும் குழப்பம்.

வளவுவாசல்:
குறுக்களவு 15 அடி 8½, 15 அடி 6½. எதிரெதிர்ச் சுவர் நீளம் சமம்தான்.

மூலைமட்டம்:
2 அங்குல வித்தியாசம்னா 10 அடிச் சுவர் செங்கோணத்திலேர்ந்து சுமார் 1¼ அங்குலம் விலகியிருக்கு. சுவரை இடிக்க வேண்டாம், கல் வரிசைக்கு நூல் பிடிக்கிறதுல சமாளிக்கலாம்.

12 அடிக்கு 18 கல், 10 அடிக்கு 15. பூக்கல் 6 x 6 கல். அதை நடுவுல வச்சா 18 பக்கம் ஆறாறு கல், 15 பக்கம் நாலரை நாலரை. அரைக்கல் எப்படியும் 12 அடிச் சுவரோரம்தான் வரும். அதனால நடு நூலை 10 அடிச் சுவருக்கு இணையாப் பிடிச்சு, குறுக்கு நூலை மூலைமட்டத்துல போடச் சொல்லுங்க. கோணல் முழுக்க அந்த அரைக்கல்லுக்குள்ள போயிடும். ஒரு கோடியில 3¼ அங்குலம், மறு கோடியில 4¾. எதிரெதிர்த் துண்டு ரெண்டும் சேர்ந்தா 8 அங்குலம்தான், ஒரே கல்லை அறுத்தா ரெண்டு ஓரத்துக்கும் ஆச்சு.

வேலைக்கு முன்னாடி மூலைமட்டத்தையும் பாருங்க. நேரான ஒரு விளிம்போட ஒட்டி வச்சு கோடு போட்டு, அதே இடத்துல புரட்டி வச்சு மறுபடி கோடு போடணும். ரெண்டும் விலகினா அந்த இடைவெளியில பாதிதான் மட்டத்தோட பிழை.

மொத்தம் 270 கல். கூட 15-20 சேர்த்து ஒரே தடவையா வாங்குங்க. கையால ஊத்துற கல், அடுத்த தடவை அதே நிறம் வராது.