சர்வருக்குள் சிபியூவையும் ஜிபியூ போன்ற கார்டுகளையும் சேர்க்கும் பிசிஐஇ இணைப்பை எவ்வளவு நம்பலாம்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

இசாண்டோ ராக் (ஜோகன்னஸ்பர்க்):
விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இசாண்டோவில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறேன். ரிப்பேருக்குப் போன ஒரு ஜிபியூ சர்வர் சமீபத்தில் திரும்பி வந்தது. ராக்கில் ஏற்றுமுன் மூடியைத் திறந்து பார்த்தேன். ஜிபியூவின் சீரியல் நம்பர் எங்கள் பதிவோடு சரியாக இருந்தது. ஜிபியூவை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் கார்டின் நம்பர் வேறு! அதை மாற்றியதாக ரிப்பேர் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. சப்ளையரிடம் கேட்டால், "இணைப்புப் பலகைதானே சார், அதிலென்ன டேட்டா இருக்கிறது?" என்கிறார்கள். மொத்த டேட்டாவும் அது வழியாகத்தானே போகிறது! ஐந்தாம் தலைமுறை பிசிஐஇயில் 16 லேன் (டேட்டா பாதை) ஸ்லாட் ஒன்றில் ஒரு திசைக்கு நொடிக்கு ஏறத்தாழ 64 ஜிபி ஓடும். பழைய ரைசரை வரவழைத்துப் போட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பக்கம் எப்படி?

டர்பன் அட்மின்:
நீங்கள் செய்ததுதான் சரி அண்ணா. ஸ்லாட்டில் உட்காரும் கார்டு சிபியூவைக் கேட்காமலே மெமரியைப் படிக்கலாம், எழுதலாம். டிஎம்ஏ (நேரடி மெமரி அணுகல்) என்பதன் வேலையே அதுதான். உல்ஃப் ஃபிரிஸ்க் 2016-லேயே பிசிஐலீச் கருவியால் இதைச் செய்து காட்டிவிட்டார். குறுக்கே நிற்கும் காவல், எந்தக் கார்டு எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ மட்டும்தான். எங்களிடம் வந்த ஒரு இன்டெல் ஹோஸ்ட்டில் பூட் லாக்கைத் தேடினேன், ஐஓஎம்எம்யூ இயங்கினால் வரவேண்டிய டிஎம்ஏஆர் என்ற வரியே இல்லை. பெஞ்ச்மார்க் எண் கூடுதலாக வரட்டும் என்று முன்பு பார்த்தவர்கள் பயாஸில் விடி-டியை (இன்டெலின் ஐஓஎம்எம்யூ) அணைத்திருக்கிறார்கள். அதில் ஓடியது மருத்துவமனை பில்லிங்! அன்றிரவே டவுன்டைம் வாங்கி ஆன் செய்தோம்.

கேப் டவுன் வாசி:
ஐஓஎம்எம்யூ கார்டைக் கட்டுப்படுத்தும். ஆனால் இசாண்டோ அண்ணா சொன்னது நடுவழியில் இருக்கும் பலகை. அங்கே ஒட்டுக்கேட்பதைத் தடுக்கத்தான் 2020-இல் ஐடிஇ என்ற பிசிஐஇ பாதுகாப்பு முறை வந்தது. லிங்க்கில் போகும் பாக்கெட்டுகளை ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் மறையாக்கம் செய்யும். அதிலும் மூன்று ஓட்டைகளை இன்டெல் பொறியாளர்களே கண்டுபிடித்தார்கள், 2025 டிசம்பரில் வெளியானது. மறையாக்கம் உடையவில்லை. பாக்கெட்டின் வரிசையை மாற்றினாலோ, தாமதமாக அனுப்பினாலோ, வாங்கும் பக்கம் பழைய டேட்டாவையோ தவறான டேட்டாவையோ நல்லதென்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

தீவிரம் குறைவு என்று மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். வன்பொருளைத் தொடும் நிலையில் இருப்பவரால்தான் முடியும் என்பது காரணம். எனக்கு இது உறுத்துகிறது. வயரைத் தொடுகிறவனிடமிருந்து காக்கத்தானே ஐடிஇயே வந்தது? பல நிறுவனங்களின் சர்வர்கள் சேர்ந்திருக்கும் கோலொகேஷன் ஹாலில் எத்தனை பேர் கை படுகிறது! லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) கடுமையாக இருந்த 2023-இல் ஜெனரேட்டர், யுபிஎஸ் ஆட்கள் இரவு பகலாக உள்ளே வந்துபோனார்கள். சர்வர்களைச் சுற்றிய கேஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கூடவே இருக்க வேண்டிய எஸ்கார்ட் டீ குடிக்கப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இசாண்டோ ராக்:
அப்படியானால் எங்களிடம் இருக்கும் இன்டெல் சியான் 6 சிபியூ மெஷின்களுக்கு என்ன செய்வது தம்பி?

கேப் டவுன் வாசி:
ஐடிஇ ஆன் செய்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் ஆன் செய்வதே இல்லை, அங்கே இந்த மூன்றும் பொருந்தாது, பாதுகாப்பும் கிடையாது. ஆன் என்றால், பிசிஐஇ தரநிலையை வகுக்கும் பிசிஐ-சிக் அமைப்பு வெளியிட்ட திருத்தத்தைச் சேர்த்த ஃபர்ம்வேர் எந்த வெர்ஷன் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ரைசர், ரீடைமர் (வழியில் சிக்னலைப் புதுப்பிக்கும் சிப்) சீரியல்களையும் அசெட் லிஸ்ட்டில் ஏற்றிவிடுங்கள். எங்கள் டெம்ப்ளேட் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.