பத்துப் பேர் சேராத நாளில் கதீஷ் (இறந்தவருக்காக யூதர்கள் சொல்லும் ஜெபம்) சொல்வது எப்படி?

கேள்வி: மாமனார் இறந்து நான்கு மாதம் ஆகிறது. கணவர் 11 மாதம் கதீஷ் சொல்ல வேண்டும். அதற்கு மின்யான், அதாவது பத்துப் பேர் கூட வேண்டும். ஜெப ஆலய வாசலில் காவலர் நிற்க ஆரம்பித்ததிலிருந்து வயதானவர்கள் வரவே பயப்படுகிறார்கள். நேற்று எட்டே பேர். இவர் கதீஷ் சொல்லாமலே திரும்பி வந்தார். யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?

பதில்: எங்களுக்கும் இதே கதைதான். ஆளுக்கு ஒரு கிழமை என்று வாட்ஸ்அப்பில் பிரித்துக்கொண்டோம். பொதுவாக 'வாருங்கள்' என்றால் யாரும் அசைய மாட்டார்கள். 'செவ்வாய்க்கிழமை பத்தாவது ஆள் நீங்கள்தான்' என்று சொல்லிப் பாருங்கள், வருவார்கள். அப்புறம், முதியவர்களைக் காரில் கூட்டி வர ஒருவர் வேண்டும். ஓய்வுநாளில் கார் கூடாது என்பதால் நடைதான், துணைக்கு ஒருவரோடு.

பதில்: பத்துப் பேர் சேராவிட்டால் மாமனார் நினைவாக மிஷ்னாவில் (பழைய யூதச் சட்டத் தொகுப்பு) ஒரு பகுதி படிக்கலாம். எபிரேயத்தில் 'மிஷ்னா', ஆன்மாவைக் குறிக்கும் 'நெஷமா' இரண்டுக்கும் அதே நான்கு எழுத்துகள். வழக்கமே அதை வைத்துத்தான். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்து பலிகள் நின்றபோதும் ஜெபமும் படிப்பும்தான் கைகொடுத்தன.

பதில்: உங்கள் சபை எந்தப் பிரிவு? ரிஃபார்ம் சபைகளிலும் பெரும்பாலான கன்சர்வேட்டிவ் சபைகளிலும் அந்தப் பத்துப் பேரில் பெண்களையும் எண்ணுவார்கள்.

கேட்டவர்: ஆர்த்தடாக்ஸ், நான் கணக்கில் இல்லை! சரி, பட்டியலாவது போடுகிறேன். செவ்வாய்க்கு ஒருவர் கிடைத்துவிட்டார்.