பேற்றூக்கியா, கருப்பைச்சுருக்கியா?

மன்னார்குடி:
கலைச்சொல் தேடும் அனைவருக்கும் வணக்கம். திங்களன்று இளங்கலைத் தாவரவியல் வகுப்பு. பாடக்குறிப்பு பாதிதான் தமிழாகியிருக்கிறது. எலியின் கருப்பைத் துண்டை உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, மூலிகைச் சாற்றைச் சொட்டுச்சொட்டாக விட்டு, துண்டு சுருங்குகிறதா என்று பார்க்கும் சோதனை. சுருங்கவைக்கும் பொருளை 'ஆக்ஸிடோசிக்' என்கிறார்கள். மகப்பேற்றைத் தூண்டுவது என்ற பொருளில் 'பேறூக்கி' சரிதானா?

கும்பகோணம்:
பேறூக்கி அல்ல அம்மா, பேற்றூக்கி. ஆற்றுநீர், சோற்றுப்பானை போல றகரம் இரட்டிக்கும், நன்னூல் விதி. ஆனால் என் தேர்வு 'ஈற்றூக்கி'. 'ஈன்று புறந்தருதல்' என்கிறது புறநானூறு. முதல் கன்று போட்ட மாட்டை நம் பக்கம் தலையீத்து என்கிறோமே, அது தலையீற்றுதான். ஆக்ஸிடோசிக் என்பதன் கிரேக்க மூலத்துக்கும் விரைந்த ஈற்று என்றே பொருள்.

வேதாரண்யம்:
ஐயா, ஈற்றூக்கி என்றால் பிள்ளைகளுக்கு ஈற்றெழுத்துதான் நினைவுக்கு வரும். அதைவிட, சோதனை எதைக் காட்டியதோ அதைத்தான் பெயரும் சொல்ல வேண்டும். 1906இல் ஆங்கிலேய உடலியலாளர் ஹென்றி டேல் கண்டது, மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு பட்டு சினைப்பூனையின் கருப்பை சுருங்கியதைத்தான். காங்கோவில் பேறுகாலத்தில் காய்ச்சிக் குடிக்கும் கலட்டா-கலட்டா செடியை நார்வே மருத்துவர் லோரன்ட்ஸ் கிரான் ஆராய்ந்தபோதும் முதலில் பிடிபட்டது அந்தச் சுருக்கமே. அதிலுள்ள பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு, கொதித்தும் கெடாததற்குக் காரணம், தலையும் வாலும் இணைந்த அதன் வளைய வடிவம். அது தெளிவானது 1995இல்.

எங்கள் மணற்காட்டில் விளையும் செங்காந்தளைப் பாருங்கள். என் அப்பாயி மருத்துவச்சி. கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவார். தலை தெரிந்ததுமே ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பார், பிறகு தன் கையை இரண்டு முறை கழுவுவார். அந்தக் கிழங்கில் இருக்கும் கொல்கிசின், செல் பிரிவதையே நிறுத்திவிடும் நஞ்சு. அதற்குப் போய்ப் 'பேற்றூக்கி' என்று பாடத்தில் எழுதினால், யாராவது வாயில் போட்டுவிடுவார்கள். கருப்பைச்சுருக்கி போதும்.

கும்பகோணம்:
உங்கள் அச்சம் நியாயம். ஆனால் சுருக்கி என்றால் சிறிதாக்குவது. பேறுகாலத்தில் கருப்பை இறுகும், தளரும், மறுபடி இறுகும். அந்த அலை உங்கள் சொல்லில் இல்லையே. இடுப்புவலி, நோவு என்று பெண்கள் சொல்வதிலிருந்து 'நோவெழுப்பி' என்றாவது வைக்கலாம்.

மன்னார்குடி:
நோவெழுப்பி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கண்ணாடிக் குழலில் தொங்கும் துண்டுக்கு நோவு ஏது ஐயா? இப்போதைக்குக் கருப்பைச்சுருக்கி என்று போட்டு, பக்கத்திலேயே ஆக்ஸிடோசிக் என்றும் எழுதிவிடுகிறேன். அப்பாயி கை கழுவியதையும் வகுப்பில் சொல்வேன்.

கும்பகோணம்:
சரி அம்மா, அச்சுக்குக் கொடுங்கள். எனக்கு உடன்பாடில்லை என்பதை மட்டும் குறித்துவையுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி பேசுவோம்.